ஜெராக்ஸ் எடுக்காத சான்றிதழ்

சேலை செக்ஷனில் என்னோடு நிற்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "நீயும் உங்கம்மாவும் ஜெராக்ஸ் கடைப் படியில எதுக்குடி உக்காந்திருந்தீங்க? கையில அவ்ளோ பெரிய பேப்பர் கட்டு?" நம்மில் ஒருத்தி பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள். என் வாயில் சோறு இருந்தது, பதில் சொல்லவில்லை. சோறு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நான் பத்தாவதில் நின்றவள். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள். நீங்களும் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் நின்றீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயசு. அண்ணன் பிளஸ் டூ முடித்திருந்தான். அம்மா அபிராமபுரத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். அப்பா பெயின்டர். வேலை இருந்தால் போவார், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மயிலாப்பூர் கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டில் மூணாவது மாடியில் எங்கள் வீடு. அந்த வெயில் காலம் முழுக்க நாங்கள் ஒரே வேலைதான் செய்தோம். அண்ணனைக் காலேஜில் சேர்க்க வழி தேடினோம்.

கிளிப்பச்சையில் பட்டன் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதைத் தூக்குவது என் வேலை. அண்ணனுக்குக் கை வேர்க்கும். ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே விரல் நுனியில் தண்ணீர் நிற்கும். மார்க் ஷீட் நனைந்துவிடும் என்று அம்மா ஃபைலை என்னிடம் கொடுத்துவிடுவாள். பபிள்கம்மோடு வந்த ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டினேன். "ஆபீசருங்க பாப்பாங்கடி" என்று அம்மா சுரண்டினாள். ஒரு றெக்கை மட்டும் வரவில்லை.

முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் அதுவரைக்கும் யாருமே காலேஜ் முடித்ததில்லை என்று தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுப்பார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அதைக் காட்டினால் அந்தப் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்தான் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அதற்காக அம்மா நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்குக் கவுன்ட்டரில் இருந்த அக்கா நல்லபடியாகத்தான் சொன்னாள்.

"பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான் இந்தச் சலுகை."

"ஒருத்தருக்குன்னா?"

"ஒரு புள்ளைக்குத்தான். இவரு வாங்கிட்டாருன்னா அடுத்தவங்களுக்குக் கெடையாது."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தலையில் பேன் ஊர்கிறதாக்கும் என்று நினைத்து நான் சொறிந்துகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள். மீன் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட சத்தத்தோடுதான் அந்தப் பேச்சு எனக்கு நினைவிருக்கிறது.

"டேய், இத்த பாப்பாவுக்கு வெச்சிரலாம்."

"இன்னாம்மா சொல்ற?"

"நீ ஆம்பளப் புள்ள. நாலு எடத்துல போய் நின்னா எவனாச்சும் குடுப்பான். பேங்க்குல லோனு குடுப்பான். நாளைக்கு சம்பாரிச்சுக் கட்டிருவன்னு நம்புவான். இவள நம்பி எவன் குடுப்பான்? கட்டிக்கினு போற பொண்ணுதானேன்னுவான். இவளுக்குன்னு கீறது இது ஒண்ணுதான்."

அப்பா சுவரைப் பார்த்தபடியே, "அது அஞ்சாங் கிளாஸு. அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

"நீ பாத்த லட்சணந்தான் தெரியுதே. மூடிக்கினு படு."

அண்ணன் சான்றிதழை எடுத்து ஒருதரம் படித்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொருதரம் படித்தான். நான் அந்த வருஷம் கிளாஸில் ஃபர்ஸ்ட் ரேங்க். அதை வீட்டில் எல்லோரும் ஏதோ வீட்டுப் பட்டா மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சரிம்மா," என்றான். "வெச்சிரு."

மறுநாள் கச்சேரி ரோட்டில் ஒரு கடையில் அதை லேமினேஷன் போட்டோம். சூடான பிளாஸ்டிக் வாசனை. கடைக்காரர், "ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துரட்டாக்கா? லேமினேஷன் போட்டா அப்புறம் பளபளன்னு அடிக்கும்" என்று கேட்டார்.

"வோணாம், வோணாம்" என்று அம்மா பதறிவிட்டாள். வெளியே வந்து எங்களிடம் காரணம் சொன்னாள். "ஜெராக்ஸ் இருந்தா எவனாச்சும் கேப்பான். குடுப்போம். குடுத்தா எழுதிப்பான்."

ரேஷனில் சர்க்கரை வாங்கினால் கார்டில் எழுதிவிடுவார்கள். அந்த மாசம் மறுபடி போனால், "வாங்கிட்டியேம்மா" என்பார்கள். அம்மாவுக்கு அரசாங்கம் என்றால் அதுதான். ஒருதரம் எழுதிவிட்டால் தீர்ந்தது. வீட்டில் வைத்தால் எலி கடிக்கும், மழை ஒழுகும் என்று அந்தச் சான்றிதழைப் போகிற இடமெல்லாம் எடுத்துவருவாள். ஃபைலின் கடைசி உறையில், மற்றதுக்கெல்லாம் பின்னால். ஆனால் யாருக்கும் காட்ட மாட்டாள்.

கவுன்சிலிங்கில் முதல் பட்டதாரியா என்று கேட்ட இடத்தில் அண்ணன் இல்லை என்று எழுதினான். கேளம்பாக்கம் தாண்டி ஒரு காலேஜில் மெக்கானிக்கல் கிடைத்தது. முழுக் கட்டணம் கட்ட வேண்டும். சீட்டு அலாட்மென்ட் தாளை அப்பா வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அண்ணன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார்.

அபிராமபுரத்து மாமிதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய இடம். அம்மா பாத்திரம் தேய்த்து முடிக்கிறவரை நானும் அண்ணனும் பின்பக்க வாசலில் நின்றோம். மாமி ஈரத்தலையில் துண்டோடு வந்தாள்.

"ஏண்டி, பையனுக்கு சீட் கெடச்சுடுத்தாமே! பேஷ், பேஷ். என்ன பிராஞ்ச்டா அம்பி?"

"மெக்கானிக்கல் மாமி."

"நன்னா படி. எங்காத்துப் பையனுக்கு ரெண்டு மார்க்குல போயிடுத்து. மேனேஜ்மென்ட்ல சேக்கறதுக்குள்ள இவர் தலைமுடியெல்லாம் கொட்டிடுத்து. உங்களுக்கென்ன கவலை, கவர்ன்மென்ட்டே எல்லாம் குடுத்துடறதே! முதல் பட்டதாரின்னு ஒண்ணு இருக்காமே?"

பணம் கேட்க வந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்ன சொல்வாள்? கையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன் என்றா?

மாமி கெட்டவள் இல்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது, அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். "இரு, இரு" என்று உள்ளே போய் ஒரு சூட்கேஸை இழுத்துவந்தாள். கருநீலம். கைப்பிடியில் ஏரோப்ளேன் சீட்டு ஒன்று கிழியாமல் ஒட்டியிருந்தது. திறந்தால் அந்துருண்டை வாசனை. "அவன் அமெரிக்கா போறச்சே வாங்கினது. ஒரு சக்கரம் மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஹாஸ்டலுக்கு எடுத்துண்டு போகட்டும்."

அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். உருட்டினால் சக்கரம் தேய்ந்துவிடுமாம். ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டிக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். அண்ணன் பத்தடி தள்ளி, எங்களைத் தெரியாதவன் மாதிரி நடந்தான்.

பேங்க்குக்கும் போனோம். முதல் பேங்க்கில், "உங்க அட்ரஸ் எங்க பிராஞ்ச்சுல வராதும்மா" என்றார்கள். இரண்டாவதில் வருமான வரி கட்டுகிற யாராவது ஜாமீன் போட வேண்டும் என்றார்கள்.

"வரி கட்றவன் நம்ம வூட்டாண்ட எதுக்குடா வரான்?" என்று அம்மா கேட்டாள்.

"தண்ணி வரி கேக்க வருவான்மா."

அதற்கு மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்று சிரித்தோம். கட்டணம் கட்டக் கடைசி தேதிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. அண்ணன் காலண்டரில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தான், எனக்குத் தெரியும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால், ஒரு துணிக்கடைக்காரர் குடும்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி செய்கிறது என்று யாரோ சொன்னார்கள். மாடியில் சின்ன ஆபீஸ். கீழே குடோனிலிருந்து கஞ்சி போட்ட புதுத் துணி வாசனை மேலே வரும். இப்போது நாம் நாள் முழுக்க முகர்கிற அதே வாசனைதான். அங்கே கணக்கர் மாதிரி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தெற்கத்திப் பேச்சு. எங்கள் மூன்று பேருக்கும் பேப்பர் கப்பில் மோர் கொடுத்தார். வேறு எந்த ஆபீஸிலும் எங்களுக்கு உட்காரக்கூடச் சொன்னதில்லை.

மார்க் ஷீட்டைப் பார்த்தார். "மார்க்கு நல்லாத்தான் இருக்கு. குடும்பத்துல இவன்தான் மொதல்ல காலேஜ் போறானோ?"

"ஆமாங்க சார்," என்றாள் அம்மா. "எங்க வூட்ல நேரா கையெழுத்துப் போடறதே இவன்தான்."

"அப்பச் சரி. நாங்க அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் செய்யிறது. மொதல் பட்டதாரி சான்றிதழ் ஒரு காப்பி குடுங்க. படிப்புக் கட்டணத்த அரசாங்கம் பாத்துக்கிடும். பஸ்ஸு, புத்தகம், சாப்பாடு, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்."

அம்மாவின் கையில் மோர் கப் நசுங்கியது.

"அது இல்லீங்க சார்."

"வாங்கலையா?"

"குடுக்கலீங்க."

"குடுக்கலேன்னா வீட்ல வேற யாரோ படிச்சிருக்காகன்னுல்லா அர்த்தம்?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. இருக்கா, இல்லையா?"

ஃபைல் என் நெஞ்சோடு இருந்தது. கடைசி உறையில் அது இருக்கிறது. லேமினேஷன் கெட்டியாக என் தாடையில் இடித்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல சார்."

"பாப்பா கையில என்ன ஃபைலு? குடு, பாப்பம்."

நான் கொடுத்திருப்பேன். கையை நீட்டிவிட்டேன். அண்ணன் நடுவில் வந்து ஃபைலை வாங்கி, தானே திறந்து, முன்னால் இருந்த சாதிச் சான்றிதழையும் டி.சி.யையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பட்டனைப் போட்டான். கொடுத்த தாளில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் ஈரம்.

பெரியவர் அதைப் பார்த்தார். என்னமோ புரிந்தமாதிரி இருந்தது, புரியாதமாதிரியும் இருந்தது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்தாலும் சரி. பேர எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

படியிறங்கும்போது அண்ணன் முதல்முறையாகக் கேட்டான்.

"ஒரு ஜெராக்ஸ்தானேம்மா கேக்கறாரு? இவரு கவருமென்ட்டு இல்லம்மா."

"பீஸ கவருமென்ட்டு பாத்துக்கும்னு அவரே சொல்றாரு. அப்ப அங்க போய்த்தானே எழுதுவாங்க? எழுதினா முடிஞ்சிதுடா. அப்பறம் இவ இன்னா பண்ணுவா, என்ன மாறி பாத்திரம் தேய்ப்பாளா?"

அண்ணன் கடைசிப் படியில் நின்றான். தெருவில் கம்மல், வளையல், பிளாஸ்டிக் குடம், சத்தமென்றால் சத்தம். குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தான்.

"இன்னா பாப்பா, நீ இன்ஜினியர் ஆவியா?"

"ஆவேன்" என்றேன்.

"அப்ப சரி."

அவ்வளவுதான். எனக்குத் தாகமாக இருந்தது, அந்த மோர் இன்னொரு கப் கிடைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்போது நினைத்தது அதுதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மறுநாள் சாயங்காலம் போனது. காலண்டரில் எல்லாப் புள்ளியும் தீர்ந்தது. கடைசி தேதியன்றைக்கு அம்மா மூன்று வீட்டு வேலைக்கும் போய்விட்டாள், வீட்டில் இருக்க முடியாமல். அண்ணன் மாமியின் சூட்கேஸை வெளியே இழுத்துவந்து மூணாவது மாடி வராந்தாவில் வைத்தான்.

"ஏறு. காலேஜ் பஸ்ஸு கெளம்புது."

நான் அதன்மேல் உட்கார்ந்தேன். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு ஓடினான். "அடையாறு எறங்கு! திருவான்மியூர் எறங்கு! கேளம்பாக்கம்லாம் உள்ள போ!" அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். எல்லோரையும் ஒரு சுற்று ஏற்றினான். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த சக்கரம் சாயங்காலத்துக்குள் கழன்றுவிட்டது. சூட்கேஸை அம்மா பிறகு அரிசி மூட்டை வைக்க வைத்துக்கொண்டாள். அது இப்போது எங்கே என்று தெரியவில்லை. தேடினேன்.

அண்ணன் தி.நகரில் துணிக்கடைக்குப் போனான். சட்டை மடிக்கிற வேலை. பிறகு வண்டி வாங்கிச் சாப்பாடு டெலிவரி. நான் பத்தாவதில் கணக்கில் போனேன். மறுபடி எழுதினேன், மறுபடி போனேன். மூணாவது தடவை பரீட்சை ஹால் வரைக்கும் போய்விட்டுக் கபாலி கோயில் குளத்தோரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஃபர்ஸ்ட் ரேங்க் எங்கே போனதென்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் புரியாமல் போனது. கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "வுடு பாப்பா, ஒரு வருசம் போட்டும்" என்றான். அம்மா மட்டும் ஃபைலைத் தூக்கிப்போடவில்லை. "எப்ப வேணா படிக்கலாம். அது பத்திரமா கீது" என்பாள். பட்டன் உடைந்தபின் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள்.

இந்த வருஷம் அடையாறு பாலம் இறங்குகிற இடத்தில் தண்ணி லாரி அண்ணன் வண்டியில் இடித்தது. உங்களுக்குத் தெரியும், மாலையோடு நீங்கள் வந்தீர்கள். அதை நான் எழுத மாட்டேன்.

போன வாரம் விபத்து கேஸுக்காக லஸ் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தா இருந்தார்.

"பையன் இன்னா படிச்சிருந்தாரு?"

"ப்ளஸ் டூ சார்," என்றேன். "இன்ஜினியரிங் சீட்டு கெடச்சுது. போகல."

"சீட்டு கெடச்சதுக்குப் பேப்பர் எதுனா கீதா? நல்லா படிக்கிற பையன்னு காட்டினா கோர்ட்டுல கொஞ்சம் சேத்துப் போடுவாங்க."

அம்மா ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அவளுக்கு எது எந்தத் தாள் என்று தெரியாது. நிறத்தையும் சீலையும் வைத்துத்தான் அடையாளம். எல்லாவற்றையும் மேஜையில் வைத்தாள். குமாஸ்தா ஒவ்வொன்றாகப் புரட்டிக் கடைசியில் அந்த லேமினேஷனில் நின்றார்.

"முதல் பட்டதாரி சான்றிதழ். இத்த வெச்சுக்கினா போகல?"

"அது அவனுது இல்லீங்க," என்றாள் அம்மா. "இவளுது. இவளுக்குன்னு வெச்சிருக்கறது."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"பையன் பேருதானேம்மா போட்டிருக்கு?"

"பேரு அவனுதாட்டம் இருக்கும். சலுகை வூட்டுக்குத்தானே?"

"இல்லம்மா. இது அவருக்கு மட்டுந்தான் செல்லும். பொண்ணுக்கு வேணும்னா பொண்ணு பேர்ல புதுசா வாங்கணும். இத்த வெச்சு இவங்க ஒண்ணுமே பண்ண முடியாது." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பரவால்ல, கேஸுக்கு ஆவும். எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ் எடுத்தாங்க."

வெளியே வந்தோம். பிளாட்பாரத்தில் அம்மா நின்றுவிட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. படிச்சுப் பாத்தானே."

"ஒனக்கு?"

நான் அப்போது அஞ்சாங் கிளாஸ். தமிழ் நன்றாகவே படிப்பேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த அத்தனை நாளும், பஸ்ஸில், பெஞ்சில், வராந்தாவில், அதை எடுத்து எடுத்துப் படித்திருக்கிறேன். அண்ணன் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். என் பெயர் எங்கேயும் இருக்காது. அது எனக்குத் தெரியும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அண்ணன் ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. அவன் அதைக் காட்டிச் சேர்ந்திருந்தால், என் பெயரில் வேறு தாள் கேட்டாலும் எனக்குக் கிடைத்திருக்காது. கவுன்ட்டர் அக்கா சொன்ன அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்; அவன் காலேஜ் முடித்தாலே நான் முதல் பட்டதாரி இல்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் சொல்லாததற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. எனக்கென்று அந்த வீட்டில் தனியாக ஒரு தட்டுகூடக் கிடையாது. இது பாப்பாவுக்கு, இது பாப்பாவுக்கு என்று அம்மா அதை ஒளித்து ஒளித்து வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

"தெரியும்மா" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெராக்ஸ் கடையில் மற்றதெல்லாம் ஒவ்வொன்று எடுத்தார்கள். லேமினேஷனைக் கையில் வாங்கிய பெண், "இது எத்தனை காப்பிக்கா?" என்று கேட்டாள். நான் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நெறைய போடும்மா" என்றாள் அம்மா.

"நெறையன்னா?"

"மிசின்ல பேப்பர் கீற வரைக்கும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பச்சை வெளிச்சம் போய்ப் போய் வந்தது. பளபளப்பு அடித்து ஒவ்வொரு தாளிலும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. ஆனால் அண்ணன் பெயர் எல்லாவற்றிலும் தெரிந்தது.

அம்மா கட்டை வாங்கிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தாள். மடியில் வைத்து மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "ஏம்மா, போலாம்மா, எனக்குக் கடைக்கு நேரமாவுது" என்றேன்.

"இரு," என்றாள். "சூடா கீது."

ஆறுகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நம்மில் ஒருத்தி பஸ்ஸிலிருந்து பார்த்தது அதைத்தான்.